வாசிப்பவரும் நாமே, பயன் சொல்பவரும் நாமே
தனியே வேதாகமம் படிக்கத் தொடங்கும் இளையோருக்குச் சில வார்த்தைகள்

(வானொலி இலக்கியத் தொடரில் நிகழ்த்தப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



இலக்கியத் தொடரில் வேதாகமத்துக்கு என்ன இடம் என்று சிலர் நினைக்கக்கூடும். பேசுகிறவர் ஒரு சைவர், அதுவும் தமிழ் படிப்பிக்கிற வாத்தியார். இவருக்கு ஏன் இந்த வேலை என்றும் கேட்கக்கூடும். இரண்டுக்கும் பதில் சொல்வேன். அதற்கு முன் ஒரு மாணவனைப் பற்றிச் சொல்ல வேண்டும். பெயர் வேண்டாம். கல்முனைப் பக்கத்துப் பிள்ளை. கடற்றொழில் செய்யும் குடும்பம்.

உயர்தர வகுப்பில் தமிழ் படிக்க வந்தவன் ஒருநாள் பாடம் முடிந்த பின் என் மேசையடியில் நின்றான். கையில் கறுப்பு மட்டை போட்ட பழைய புத்தகம் ஒன்று. ஓரமெல்லாம் தேய்ந்திருந்தது.

"சேர், இது எங்கட அம்மம்மாட வேதப்புத்தகம். அவ மோசம் போன பிறகு எனக்குத்தான் தந்தாங்க. வாசிக்க ஆசை. எங்கால தொடங்கிறது எண்டு தெரியல்ல."

நான் தயங்காமல் விடை சொன்னேன். "தம்பி, ஒரு புத்தகத்தை எங்கேயிருந்து தொடங்குவது? முதலாம் பக்கத்திலிருந்துதான். நாளொன்றுக்கு மூன்று அதிகாரம் வாசி. ஒரு வருடத்துக்குச் சற்று மேற்பட்ட காலத்தில் முடித்துவிடலாம்."

இரண்டு மாதம் கழித்து அவனிடம் கேட்டேன். அவன் தலையைக் குனிந்து கொண்டான்.

"விட்டுட்டன் சேர். உலகம் உண்டான கதை, ஆபிரகாம் கதை, மோசேட கதை எல்லாம் நல்லா இருந்திச்சு. மறுகா கூடாரத்துக்கு இத்தனை முழம், திரைக்கு இத்தனை முழம் எண்டு வந்திச்சு. அதுக்குப் பிறகு ஆட்டைப் பலி குடுக்கிற முறை. எனக்கு ஒண்டுமே விளங்கல்ல. நான் இதுக்குச் சரிவர மாட்டன் போல."

நேயர்களே, பிழை அந்தப் பிள்ளையிடம் இல்லை. வழி சொன்ன என்னிடம்தான் இருந்தது. யாத்திராகமத்தின் பின்பாதியிலும் லேவியராகமத்திலும் நின்றுபோனவர்கள் உலகெங்கும் ஆயிரக்கணக்கானோர். ஆனால் ஒரு பிள்ளை, "நூல் கடினமானது" என்று சொல்லவில்லை. "நான் சரிவர மாட்டேன்" என்று சொல்கிறது. அம்மம்மாவின் கையிலிருந்து வந்த ஒரே சொத்தை என் அவசரப் புத்திமதியால் அவன் மூடி வைத்துவிட்டான். அதைத் திருத்திக்கொள்ள நான் செய்தவைதான் இன்றைய பேச்சு.

முதலில் எனக்கு இதில் என்ன உரிமை என்பதைச் சொல்லிவிடுகிறேன். பேராதனையில் தமிழ் படித்த காலத்தில் வீரமாமுனிவரின் தேம்பாவணியைப் படிக்க வேண்டி வந்தது. சொல்லுக்குப் பொருள் தெரிந்தது. செய்யுளுக்குப் பொருள் தெரியவில்லை. காரணம், காவியத்தின் அடியில் ஓடும் கதை எனக்குத் தெரியாது. சீறாப்புராணத்தைப் படிக்க நபிகளாரின் வரலாறு தெரிந்திருக்க வேண்டும். கம்பனைப் படிக்க இராமகாதை தெரிந்திருக்க வேண்டும். தேம்பாவணிக்கு வேதாகமம் தெரிந்திருக்க வேண்டும். அன்றுதான் ஒரு பிரதியை இரவல் வாங்கித் தனியே வாசிக்கத் தொடங்கினேன். நானும் பல இடங்களில் தடுக்கி விழுந்தவன்தான்.

எனக்கு முன்னே பெரியவர்கள் இந்த வழியில் நடந்திருக்கிறார்கள். 1822 இல் நல்லூரில் பிறந்த ஆறுமுக நாவலர் யாழ்ப்பாணத்து உவெஸ்லியன் பாடசாலையில் படித்தார்; அங்கேயே கற்பித்தார். இருபது வயதளவில், பீற்றர் பேர்சிவல் பாதிரியாருடன் இருந்து வேதாகமத்தைத் தமிழில் மொழிபெயர்க்கும் வேலையில் ஈடுபட்டார். அந்தத் தமிழ் வேதாகமம் 1850 இல் அச்சாகி வெளிவந்தது. நாவலர் அதற்குள் 1848 இலேயே வண்ணார்பண்ணையில் சைவப்பிரகாச வித்தியாசாலையைத் தொடங்கிவிட்டார். வேதாகமத்தை வசனம் வசனமாக நிறுத்துப் பார்த்த மனிதர் சைவத்தை விட்டு அசையவில்லை. 1854 இல் அவர் எழுதிய சைவதூஷண பரிகாரத்தைப் பாருங்கள். பாதிரிமாருக்குப் பதில் சொல்ல அவர் எடுத்த ஆயுதமே வேதாகம அறிவுதான். இன்று நாம் அந்தச் சண்டையைத் தொடரத் தேவையில்லை. ஆனால் ஒரு நூலை ஊன்றிப் படிப்பதும் அந்த நூலுடையோரின் சமயத்தில் சேர்வதும் வேறு வேறு என்பதற்கு நாவலரைவிடப் பெரிய சாட்சி நமக்குத் தேவையில்லை.

நம் ஊர்க்காரரும் ஒருவர் இருக்கிறார். காரைதீவில் 1892 இல் பிறந்த விபுலாநந்த அடிகள் கல்முனை மெதடிஸ்த பாடசாலையிலும் பின்னர் மட்டக்களப்பு புனித மிக்கேல் கல்லூரியிலும் படித்தவர். கிறிஸ்தவப் பாடசாலைகளில் படித்த பிள்ளைதான் இராமகிருஷ்ண சங்கத்துத் துறவியாகி, யாழ் நூல் தந்த பேரறிஞரானது. ஆகவே இது நமக்குப் புதிய வழி அல்ல.

இனி விடயத்துக்கு வருவோம்.

முதலாவது விடயம்: வேதாகமம் ஒரு புத்தகம் அல்ல, ஒரு புத்தக அலுமாரி. புரட்டஸ்தாந்த சபையாரின் பதிப்பில் பழைய ஏற்பாட்டு நூல்கள் 39, புதிய ஏற்பாட்டு நூல்கள் 27, ஆக 66. கத்தோலிக்கரின் பதிப்பில் 73. சட்டம், வரலாறு, பாட்டு, பழமொழி, கடிதம், காட்சி என்று பலவகை நூல்கள், பல நூற்றாண்டுகளில் எழுந்தவை, ஒரு மட்டைக்குள் இருக்கின்றன. நம் நூலகத்துக்குப் போகிறவர் முதலாம் அலுமாரியின் முதலாம் தட்டிலிருந்து வரிசையாக வாசிப்பாரா? மாட்டார். இந்த ஒன்றைச் சொல்லியிருந்தால் என் மாணவன் நின்றுபோயிருக்க மாட்டான்.

இரண்டாவது: எந்த மொழிபெயர்ப்பு? தமிழில் இதற்கு நீண்ட வரலாறு உண்டு. 1706 இல் தரங்கம்பாடியில் வந்திறங்கிய சீகன்பால்கு மொழிபெயர்த்த புதிய ஏற்பாடு 1715 அளவில் முழுமையாக அச்சேறியது. இந்திய மொழிகளுள் முதலில் அச்சான புதிய ஏற்பாடு அதுவே. நம் நாட்டில் ஒல்லாந்தர் காலத்தில், 1759 இல், கொழும்பிலும் ஒரு தமிழ்ப் புதிய ஏற்பாடு அச்சாயிற்று. பின்னர் பப்ரிசியசு, இரேனியசு, பேர்சிவல் என்று ஒருவர் பின் ஒருவராகப் பாடுபட்டார்கள். 1871 இல் ஹென்றி பவர் தலைமையில் நிறைவேறிய திருப்புதல்தான் இன்றும் பல வீடுகளில் இருக்கும் "பரிசுத்த வேதாகமம்". அம்மம்மாவின் புத்தகமும் அதுவே. 1995 இல் கத்தோலிக்கரும் புரட்டஸ்தாந்தரும் சேர்ந்து உழைத்த பொது மொழிபெயர்ப்பு, "திருவிவிலியம்" என்ற பெயரில் வந்தது.

பழைய மொழிபெயர்ப்பின் நடையில் ஓர் ஓசை உண்டு. சபையில் கேட்டு வளர்ந்தவர்களுக்கு அது தாய்ப்பால். ஆனால் தனியே தொடங்குகிற பிள்ளைக்கு 1995 ஆம் ஆண்டுத் தமிழ் இலகு. ஆதியாகமம் என்பது அங்கே தொடக்க நூல். யாத்திராகமம் என்பது விடுதலைப் பயணம். சுவிசேஷம் என்பது நற்செய்தி. சங்கீதம் என்பது திருப்பாடல்கள். புதியதை வாசியுங்கள், பழையதைப் பக்கத்தில் வைத்திருங்கள். ஓரிடம் விளங்காவிட்டால் மற்றதைத் திருப்பிப் பாருங்கள். இரண்டு மொழிபெயர்ப்புகள் ஒரே வசனத்தை வேறு வேறாகச் சொல்லும் இடத்தில்தான் நம் சிந்தனை தொடங்குகிறது. அம்மம்மாவின் புத்தகத்தை மூடிவைக்கச் சொல்லவில்லை. அதற்கு ஒரு துணை தேடச் சொல்கிறேன்.

மூன்றாவது: எங்கே தொடங்குவது? மாற்கு எழுதிய நற்செய்தியில் தொடங்குங்கள். நான்கு நற்செய்திகளிலும் சிறியது அதுதான், 16 அதிகாரங்கள். ஒரு ஞாயிறு பின்னேரம் இரண்டு மணித்தியாலம் ஒதுக்கினால் ஒரே இருப்பில் வாசித்துவிடலாம். அப்படி ஒரே மூச்சில் வாசிப்பதுதான் முதல் வாசிப்பு. விளங்காத சொல்லைக் கண்டால் நிற்க வேண்டாம். பென்சிலால் கோடிட்டு விட்டு மேலே போங்கள். ஒரு முழுக்கதை மனதில் விழட்டும்.

நம் கரைப் பிள்ளைகளுக்கு அது அந்நியமான கதையும் அல்ல. முதலாம் அதிகாரத்திலேயே இரண்டு சகோதரர் வலை வீசுகிறார்கள். வேறு இருவர் தகப்பனோடும் கூலியாட்களோடும் தோணியில் இருந்து வலை பொத்துகிறார்கள். நான்காம் அதிகாரத்தில் நடு வாவியில் சுழல் காற்று. தோணிக்குள் தண்ணீர் ஏறுகிறது. ஒருவர் மட்டும் பின்னணியத்தில் தலையணை வைத்து உறங்குகிறார். இதை என் மாணவனுக்குக் காட்டியபோது, "எங்கட வாப்பாமாரும் அப்பாமாரும் படுற பாடுதானே சேர்" என்றான். நம் கரையில் தமிழரும் முஸ்லிம்களும் ஒரே கடலில்தான் தொழில் செய்கிறார்கள். அதனால் அப்படிச் சொன்னான்.

மாற்குக்குப் பிறகு சிறிய நூல்கள் இரண்டு: ரூத்து, யோனா. ஒவ்வொன்றும் நான்கே அதிகாரம். பின்னர் தொடக்க நூலில் 37 ஆம் அதிகாரம் முதல் 50 ஆம் அதிகாரம் வரையுள்ள யோசேப்பின் கதை. அதன்பின் லூக்கா, 24 அதிகாரம். இடையிடையே திருப்பாடல்கள், 150 பாடல்கள், நாளுக்கு ஒன்று. பவுலடிகளின் கடிதங்களைப் பிறகு வைத்துக்கொள்ளுங்கள். கடிதம் என்பது இரண்டு பேர் பேச்சில் ஒரு பக்கம். மத்திய கிழக்கிலிருந்து வாப்பா எழுதும் கடிதத்தை அயல்வீட்டார் வாசித்தால், வீட்டில் என்ன நடந்தது என்று தெரியாமல் பாதிதான் விளங்கும். கொரிந்து நகரத்துச் சபையில் என்ன பிரச்சினை என்று ஊகித்துக்கொண்டே அந்தக் கடிதத்தை வாசிக்க வேண்டும். அதற்குச் சற்றுப் பழக்கம் வேண்டும்.

நான்காவது: எப்படி வாசிப்பது? இங்கேதான் நம் மரபு கைகொடுக்கிறது. கோயில்களில் புராண படனம் நடப்பதைப் பார்த்திருப்பீர்கள். ஒருவர் செய்யுளை வாசிப்பார்; மற்றவர் பயன் சொல்வார். வாசிப்பவர் ஓடிவிட முடியாது. பயன் சொல்பவர் முடிக்கும்வரை பொறுத்திருக்க வேண்டும். பாண்டிருப்புத் திரௌபதை அம்மன் கோயிலில் பாரதக் கதையை ஊரே சேர்ந்து நடத்துகிறது. பிள்ளைகள் அங்கே நின்றே பாரதம் படிக்கிறார்கள். பள்ளிவாசல் மதரசாக்களில் ஓதிக் கொடுக்கிறவர் ஒருவர், கேட்டு ஓதுகிறவர் பலர். தேவாலயத்திலும் வாசகம் வாசித்த பின் குருவானவர் விளக்கம் சொல்கிறார். எந்தச் சமயத்திலும் வேதநூலை நாம் கூட்டமாகத்தான் கேட்டு வந்திருக்கிறோம்.

தனியே படிக்கிறவனுக்குப் பக்கத்தில் பயன் சொல்ல ஆள் இல்லை. ஆகவே அவன் இரண்டு பேராக வேண்டும். முதலில் வாசிப்பவனாக இருந்து ஒரு பகுதியை, முடிந்தால் வாய்விட்டு, வாசிக்க வேண்டும். பிறகு புத்தகத்தை மூடிவிட்டுப் பயன் சொல்பவனாகத் தனக்குத்தானே சொந்தத் தமிழில் சொல்ல வேண்டும். சொல்ல வராத இடம் எதுவோ அதுதான் விளங்காத இடம். இதைவிட நல்ல பரீட்சை இல்லை.

ஒரு அப்பியாசக் கொப்பி எடுங்கள். ஒவ்வொரு பகுதிக்கும் மூன்று கேள்வி. ஒன்று, இங்கே யார் யாரிடம் எப்போது பேசுகிறார்? இரண்டு, இதற்கு முன்னே என்ன, பின்னே என்ன? மூன்று, எனக்கு விளங்காதது எது? "இதில் எனக்கு என்ன பாடம்" என்ற கேள்வியை நான்காவதாக வையுங்கள், முதலாவதாக வைக்காதீர்கள். பாடத்தை முதலில் தேடுகிறவன், நூல் சொல்வதைக் கேட்காமல் தான் ஏற்கெனவே நினைத்ததையே நூலில் கண்டுவிட்டு எழும்பிவிடுவான்.

ஐந்தாவது: சொற்களில் கவனம். ஐந்து அப்பமும் இரண்டு மீனும் கொண்டு ஐயாயிரம் பேருக்கு உணவளித்த கதையை வாசித்த என் மாணவன், அப்பச் சட்டியில் சுடுகிற, ஓரம் முறுகிய அப்பத்தையே கண்டிருக்கிறான்! அது நம் அப்பம் அல்ல. மாவைப் பிசைந்து சுட்ட ரொட்டி. "ஆயக்காரன்" என்ற பழைய சொல்லைச் சத்தம் போடுகிறவன் என்று நினைத்தேன் என்றாள் ஒரு மாணவி. ஆயம் என்றால் வரி. றோமருக்காகத் தன் சனத்திடமே வரி தண்டியவன் ஆயக்காரன். அவனை ஊர் ஏன் வெறுத்தது என்று தெரிந்தால்தான், அவன் வீட்டில் இயேசு சாப்பிட்டது ஏன் ஊர்ப்பேச்சானது என்று விளங்கும். இப்படியான சொற்களுக்குக் கொப்பியின் பின்பக்கத்தில் ஒரு சிறு அகராதி எழுதி வையுங்கள்.

ஆறாவது: இலக்கங்களை நம்பி மோசம் போகாதீர்கள். அதிகார இலக்கமும் வசன இலக்கமும் நூல் எழுதியவர்கள் போட்டவை அல்ல. அதிகாரப் பிரிவு 13 ஆம் நூற்றாண்டில் ஸ்தீபன் லாங்ரன் என்ற ஆசிரியரின் பெயரால் வழங்குவது. புதிய ஏற்பாட்டில் இன்றுள்ள வசன இலக்கங்கள் 1551 இல் ரொபேர் எத்தியேன் என்ற அச்சகர் இட்டவை. இடம் தேடிப் பிடிக்க அவை உதவும். ஆனால் ஒரு வசனத்தைத் தனியே பிடுங்கி எடுத்து, அதையே நூலின் கருத்தென்று சொல்வது, குறளில் ஒரு சீரை எடுத்துக்கொண்டு வள்ளுவர் இப்படிச் சொன்னார் என்பது போன்றது. ஒரு காட்சி தொடங்கும் இடத்தில் தொடங்கி, முடியும் இடத்தில் முடியுங்கள்.

ஏழாவது: பாட்டைப் பாட்டாக வாசியுங்கள். திருப்பாடல்களில் நம் எதுகை மோனையைத் தேடினால் கிடைக்காது. எபிரேயப் பாட்டில் சொல்லைவிடக் கருத்துக்குத்தான் இயைபு. முதல் அடி சொன்னதை இரண்டாம் அடி வேறு சொல்லால் திரும்பச் சொல்லும். அல்லது எதிராக நிறுத்திச் சொல்லும். 1753 இல் ரொபேட் லோத் என்ற ஆங்கில அறிஞர் இதை விரித்து எழுதினார். நம் பக்கத்து முஸ்லிம் தாய்மாரும் வயற்காரரும் பாடிய நாட்டார் கவிகளைக் கேட்டவர்களுக்கு இதன் சுவை சட்டென்று பிடிபடும். ஒரே துயரத்தை இரண்டு தரம், இரண்டு உவமையால் சொல்லும்போது நெஞ்சு இளகுகிறதே, அது இங்கேயும் உண்டு. திருப்பாடல்களில் பல முறைப்பாடுகள். கடவுளிடம் கோபித்துக் கேட்கும் பாடல்களும் இருக்கின்றன. தேவாரத்தில் இறைவனை உரிமையோடு கடிந்து கேட்ட சுந்தரரை அறிந்தவர்களுக்கு அதில் ஆச்சரியம் இராது.

எட்டாவது: ஒப்பிட்டுப் பாருங்கள். ஐயாயிரம் பேருக்கு உணவளித்த கதை நான்கு நற்செய்திகளிலும் வருகிறது. நான்கையும் ஒருநாள் ஒன்றாக வைத்து வாசியுங்கள். உணவைக் கொண்டுவந்த சிறுவனைப் பற்றி யோவான் மட்டும் சொல்கிறார். மற்ற மூவரும் சொல்லவில்லை. ஏன் என்று உங்கள் கொப்பியில் எழுதுங்கள். விடை சரியோ பிழையோ, நீங்கள் வாசகராகிவிட்டீர்கள்.

இந்த நிகழ்ச்சியைக் கேட்கும் முஸ்லிம் பிள்ளைகளுக்கும் ஒரு வார்த்தை. இந்த நூலைத் திறந்தால் தெரிந்த பெயர்கள் பல வரும். இப்றாகீம் நபி ஆபிரகாமாக, மூஸா நபி மோசேயாக, தாவூத் நபி தாவீதாக, யூனுஸ் நபி யோனாவாக, மர்யம் மரியாளாக. யோசேப்பின் கதையை வாசிக்கும்போது திருக்குர்ஆனின் 12 ஆம் அத்தியாயமாகிய யூசுப் நினைவுக்கு வரும். ஒற்றுமையும் தெரியும்; வேற்றுமையும் தெரியும். சில வேற்றுமைகள் நம்பிக்கையின் அடிப்படையையே தொடுபவை. அவற்றை மறைத்து, எல்லாம் ஒன்றுதான் என்று மெழுகிவிட வேண்டாம். இவர்கள் இப்படிச் சொல்கிறார்கள், நாங்கள் இப்படி நம்புகிறோம் என்று நேர்மையாகத் தெரிந்துகொள்வதே மரியாதை. நம்பிக்கை பற்றிய கேள்விக்கு உங்கள் மௌலவியிடம் போங்கள்; கிறிஸ்தவப் பிள்ளைகள் தங்கள் குருவானவரிடம் போங்கள். தமிழ் வாத்தியார் அதற்கு ஆள் அல்ல. தனியே படிப்பது என்றால் யாரையும் கேட்காமல் இருப்பது அல்ல. கேட்பதற்கு ஒரு கேள்வியோடு போவது. நானும் அந்த மாணவனை முதலில் அவனுடைய போதகரிடம் சொல்லிவிட்டு வரும்படிதான் அனுப்பினேன்.

இனி, அந்த மாணவன் எங்கே வந்து நின்றான் என்பதைச் சொல்ல வேண்டும்.

மாற்கை முடித்தான். ரூத்தை வாசித்தான். ரூத்து மோவாப் நாட்டுப் பெண், புருஷனை இழந்தவள். மாமியாரை விட்டுப் பிரியாமல் அந்நிய ஊருக்கு வந்து, அறுவடை வயலில் கதிர் பொறுக்கிப் பிழைக்கிறாள். பின்னர் அவள்தான் தாவீது அரசனின் பாட்டனாரைப் பெற்ற தாய். அம்பாறை வயலில் வெட்டு முடிந்த பின் கதிர் பொறுக்கும் ஏழைப் பெண்களை அவன் கண்டிருக்கிறான். "சேர், அந்நியப் பொம்புளைய வயலுக்க விட்டது ஏன்? துரத்தல்லையா?" என்று கேட்டான். நான் விடை சொல்லவில்லை. லேவியராகமம் 19 ஆம் அதிகாரத்தைத் திறந்து பார் என்றேன். வயலின் ஓரத்தை முற்றாக அறுக்காமலும், சிந்திய கதிரைப் பொறுக்காமலும் ஏழைக்கும் அந்நியனுக்கும் விட்டுவிட வேண்டும் என்ற கட்டளை அங்கே இருக்கிறது. அவன் நின்றுபோன அதே லேவியராகமம்! அதன் சட்டத்தால் ஒரு பெண் பசி தீர்ந்தாள் என்று கண்டபோது அந்தப் புத்தகம் அவனுக்குத் திறந்துகொண்டது.

பிறகு லூக்காவுக்கு வந்தான். பத்தாம் அதிகாரத்தில், கள்வரிடம் அடிபட்டு வழியில் கிடந்தவனின் கதை. சமயத் தலைவர் இருவர் விலகிப் போகிறார்கள். ஒரு சமாரியன் நின்று காயம் கட்டுகிறான். என் மாணவனின் கொப்பியில் "சமாரியர் என்றால் நல்ல ஆக்கள்" என்று இருந்தது. எல்லோரும் அப்படித்தான் நினைக்கிறோம். "ஒரு அதிகாரம் பின்னால் போ" என்றேன். ஒன்பதாம் அதிகாரத்தில் ஒரு சமாரியக் கிராமம் இயேசுவுக்கு இடம் கொடுக்க மறுக்கிறது. சீடர் இருவர் கோபித்து, வானத்திலிருந்து நெருப்பு இறங்கி இவர்களை அழிக்கச் சொல்லட்டுமா என்று கேட்கிறார்கள். யூதருக்கும் சமாரியருக்கும் அவ்வளவு பகை. அந்தப் பகையைக் காட்டிய அடுத்த அதிகாரத்திலேயே, காயம் கட்டுகிறவனாக ஒரு சமாரியன் வருகிறான். அதிகார இலக்கத்தை மட்டும் பார்க்கிறவனுக்கு இது தெரியாது. முன்னும் பின்னும் பார்க்கிறவனுக்குத் தெரியும்.

சற்று நேரம் பேசாமல் இருந்தான். பிறகு கேட்டான்: "அப்ப சேர், எங்கட ஊரில அந்தச் சமாரியன் ஆரு?"

நேயர்களே, நம் கரையில் அந்தக் கேள்வி இலகுவானதல்ல. 1990 இல் நான் சிறுவன். அயலூர்ப் பெயரைச் சொல்லவே வீட்டில் பயந்த நாள்களை நான் மறக்கவில்லை. என் முஸ்லிம் நண்பர்களும் அவர்கள் பக்கத்து நாள்களை மறக்கவில்லை. 2004 டிசம்பர் 26 இல் கடல் எழுந்தபோது இந்த நாட்டில் அதிக உயிர்களை இழந்தது நம் அம்பாறை மாவட்டம். அன்று ஓடியவர்கள் இது கோயிலா, பள்ளிவாசலா, தேவாலயமா என்று பார்த்து ஏறவில்லை. 2019 ஏப்ரல் 21, உயிர்த்த ஞாயிறன்று, மட்டக்களப்புச் சீயோன் தேவாலயத்தில் சிறுவர் பலரும் மாண்டனர். அந்த வாரத்தில் மீண்டும் ஒருவரை ஒருவர் ஓரக்கண்ணால் பார்த்தோம். ஐந்து நாள் கழித்துச் சாய்ந்தமருதில் ஒரு வீட்டில் பதுங்கியிருந்தவர்களைப் பற்றித் தகவல் கொடுத்தவர்கள் அவ்வூர் முஸ்லிம் மக்களே என்பதையும் நாம் அறிவோம்.

ஆகவே அவனுக்கு நான் ஒரு பெயரைச் சொல்லவில்லை. "தம்பி, அதற்குப் பயன் சொல்ல வேண்டியவன் நீதான். உன் கொப்பியில் எழுது. எனக்குக் காட்டத் தேவையில்லை" என்றேன்.

காட்டவும் இல்லை. ஆனால் சில வாரம் கழித்து ஒன்று கண்டேன். வகுப்பில் அவனுக்குப் பக்கத்தில் இருக்கும் மருதமுனைப் பிள்ளை, யோனாவின் கதையில் ஏதோ ஒரு கேள்வியை அவனிடம் கேட்டுக்கொண்டிருந்தான். இவன் யூனுஸ் நபியின் கதையை அவனிடம் கேட்டுக்கொண்டிருந்தான். பகைவர் நகரத்துக்குப் போக மறுத்த மனிதனைப் பற்றிய கதை அது. அந்த நகரம் மன்னிக்கப்பட்டதற்காக அவன் கோபித்து உட்கார்ந்திருக்கிறான். கடவுள் கேட்கும் ஒரு கேள்வியோடு நூல் முடிந்துவிடுகிறது. விடை நூலில் இல்லை. மணி அடித்தும் இரண்டு பிள்ளைகளும் எழும்பவில்லை. நானும் எழுப்பவில்லை.

நேயர்களே, உங்கள் வீட்டு அலுமாரியிலும் பாட்டனாரோ பாட்டியோ விட்டுச் சென்ற ஒரு நூல் இருக்கும். அது வேதாகமமாக இருக்கலாம், புராணமாக இருக்கலாம், சீறாவாக இருக்கலாம். முதலாம் பக்கத்தில்தான் தொடங்க வேண்டும் என்று யாரும் சொன்னால் நம்பாதீர்கள். நானே சொல்லிப் பிழைவிட்டவன். சிறிய நூலில் தொடங்குங்கள். வாய்விட்டு வாசியுங்கள். மூடிவைத்துப் பயன் சொல்லுங்கள். விளங்காததை எழுதி வையுங்கள். நின்றுபோன இடத்துக்கு ஒருநாள் திரும்பிப் போங்கள். அந்த இடமும் உங்களுக்காகக் கொஞ்சம் கதிரை ஓரத்தில் விட்டு வைத்திருக்கும்.